சட்ட உதவிக் கடன்: அரசு வசூலா, ஏஜென்சி வசூலா?

இங்கிலாந்தில் கடுமையான குற்ற வழக்குகளை விசாரிக்கும் கிரவுன் கோர்ட்டில் சட்ட உதவி (அரசு செலவில் வக்கீல்) பெறுபவர், வருமானம் வரம்பைத் தாண்டினால், செலவுபோக மிஞ்சுவதில் 90 சதவீதத்தை மாதாமாதம் கட்ட வேண்டும். 2010-இல் வந்த ஏற்பாடு. நாள் தவறாமல் கட்டினால் 5 தவணை, இழுத்தடித்தால் 6. வசூல் தனியார் ஏஜென்சி கையில்.

ஏஜென்சியிடம் கால் சென்டர், ஆள்பலம் எல்லாம் தயார். அரசு அலுவலகம் ஆமை வேகம்தான். ஆனால் நடுவில் வேலை போய்விட்டால்? தொகையை மறுகணக்கிடுவது அரசின் வேலை. போனில் மிரட்டுபவருக்கு அந்த அதிகாரம் இல்லை. போதாக்குறைக்கு, வழக்கு முடியவில்லை; கட்டுகிறவர் இன்னும் குற்றவாளியே அல்ல. விடுதலையானால் 2 சதவீத வட்டியோடு பணம் திரும்பி வரும்! அவரைக் கடன்காரனாக விரட்டுவது எனக்கு உறுத்துகிறது.

தண்டனைக்குப் பிறகு கதை வேறு. மிச்சமிருக்கும் வழக்குச் செலவுக்காக 30,000 பவுண்டுக்கு மேற்பட்ட சொத்தைத் தேடிப் பிடிக்க ஏஜென்சியே தேவலை.