மலையிலிருந்து காரை வெளிமாநிலத்துக்கு அனுப்புகிறவர்களுக்கு: வீட்டு வாசலில் சாவியைக் கொடுக்காதீர்கள்

நீலகிரியிலிருந்து மாற்றலாகிப் போகிறவர்களுக்கு எந்த மாதமும் குறைவில்லை. வெலிங்டன் ராணுவக் கல்லூரி, அருவங்காடு தொழிற்சாலை, வங்கிகள், பள்ளிகள் என்று எங்கிருந்தாவது ஒரு குடும்பம் பெட்டி கட்டிக்கொண்டேயிருக்கும். சாமான்களை லாரியில் ஏற்றிவிடலாம், ஆட்கள் ரயிலில் போய்விடலாம். மாட்டிக்கொள்வது கார்தான். குன்னூரிலிருந்து புனேக்கு அனுப்பிய ஒரு காருக்கு நடந்ததை முதலில் படியுங்கள். மலையில் இதே முறையில்தான் திரும்பத் திரும்ப ஏமாற்றுகிறார்கள்.

இணையத்தில் தேடிப் பிடித்த நிறுவனம். "வாசலிலிருந்து வாசல் வரை, மூடிய கன்டெய்னர்" என்றார்கள். பேசிய தொகை 16,000 ரூபாய். முன்பணம் 4,000-ஐ யுபிஐயில் வாங்கிக்கொண்டார்கள். காலை 10 மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள் சாயங்காலம் ஆறரைக்கு, தூறலில் வந்தார்கள். கன்டெய்னர் வரவில்லை. தோளில் பையோடு ஓர் இளைஞர் பஸ்ஸில் வந்து இறங்கினார். "பெரிய வண்டி மேட்டுப்பாளையத்துல நிக்குது மேடம், மலை ஏறாது" என்றார். ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார், சாவியை வாங்கினார், போய்விட்டார். மறுநாள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. கன்டெய்னருக்குள் ஒரு வெள்ளைக் கார். நம்பர் பிளேட் தெரியவில்லை.

ஆனால் அந்தப் படம் வருவதற்கு முன்பே, ராத்திரி 9:50-க்கு விஜயமங்கலம் டோல்கேட்டில் ஃபாஸ்டேக் பணம் கழிந்ததாகக் குறுஞ்செய்தி வந்திருந்தது. 10:45-க்கு வைகுந்தம். ஒரு மணி வாக்கில் கிருஷ்ணகிரி. கேட்டதற்கு, "டேக் தானா ஸ்கேன் ஆயிருக்கும் மேடம், வண்டி கன்டெய்னர்லதான் இருக்கு" என்று பதில். நான்காம் நாள் போன் வந்தது: "கார் புனே வந்தாச்சு. ஜிஎஸ்டி, இன்சூரன்ஸ், மலை பிக்கப், இ-பாஸ், ஆக்ட்ராய் எல்லாம் சேர்த்து இன்னும் 14,800. போட்டாத்தான் இறக்குவோம். நாளையிலிருந்து பார்க்கிங் ஒரு நாளுக்கு ஆயிரம்." மீதி 12,000-க்கு மேல் இது. பணம் போட்டுத்தான் காரை எடுத்தார்கள். கிலோமீட்டர் கணக்கில் 1,318 கூடியிருந்தது. நேர்மையாக ஏற்றியிருந்தால் குன்னூரிலிருந்து கோவை யார்டு வரை ஓட்டியது, புனேயில் இறக்கி வீடு வரை ஓட்டியது என்று நூறு, நூற்றைம்பதுக்குள் முடிந்திருக்கும். குன்னூரிலிருந்து கோவை, சேலம், பெங்களூரு வழியாகப் புனேக்குச் சாலைத் தூரம் ஏறக்குறைய 1,250. கார் கன்டெய்னரையே பார்க்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

ஏன் மலையில் இது சுலபமாக நடக்கிறது? அந்த இளைஞர் சொன்னதில் பாதி உண்மை. ஏழெட்டு கார் ஏற்றும் டிரெய்லர் 18 மீட்டருக்கு மேல் நீளம். கல்லாறு தாண்டிக் குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவு. அந்த நீளத்தை அங்கே வளைக்க முடியாது, எந்த நல்ல நிறுவனமும் அனுப்பாது. கோத்தகிரி வழியிலும் கொடைக்கானலுக்கு வத்தலக்குண்டு மலைப்பாதையிலும் இதே நிலைமைதான். ஆக, மலையில் "வாசலிலிருந்து" என்றால் யாரோ ஒருவர் உங்கள் காரை ஓட்டிக்கொண்டு இறங்குகிறார் என்றுதான் அர்த்தம். வாசலுக்கும் கீழே நிற்கும் டிரெய்லருக்கும் நடுவில் இருக்கிற அந்த 50, 90 கிலோமீட்டரில் காரை யாரும் பார்ப்பதில்லை. இறங்கியவர் நிற்காமல் ஓட்டிக்கொண்டே போனாலும் உங்களுக்குத் தெரியாது. கோவையில் டிரெய்லர் நிறையும் அளவுக்குக் கார்கள் சேரும்வரை நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும். ஓட்டிவிட்டால் அந்தக் காத்திருப்பு இல்லை, டோல் உங்கள் டேக்கில் கழியும், டேங்கில் இருப்பதும் உங்கள் பெட்ரோல்.

இதில் பணத்தைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. வழியில் அந்தக் கார் யார்மீதாவது மோதினால் நஷ்டஈட்டு வழக்கு ஆர்.சி.யில் பெயர் உள்ளவரைத் தேடி வரும். ஓட்டியவருக்குச் செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லையென்றால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கும். கேமரா அபராதமும் உங்கள் பெயருக்குத்தான்.

மலை இறக்கமும் காரைக் கெடுக்கும். பெட்ரோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டிக்கொண்டு, பிரேக்கை மிதித்தபடியே இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பேட் கருகும், பிரேக் ஆயில் கொதித்தால் பெடல் பஞ்சுபோல் உள்ளே போகும், டிஸ்க் சூட்டில் நெளியும். ஏறுவதற்கு எந்த கியரோ அதே கியரில்தான் இறங்க வேண்டும் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சமவெளியிலிருந்து வந்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டுமே. புனேயில் இறக்கிய காரில் அறுபது வேகத்தில் பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் நடுங்கியது. டிஸ்க் போயிருப்பதன் அடையாளம் அது.

அதனால் முக்கியமான ஒரே வேலை: காரை நீங்களே ஓட்டிக்கொண்டு கீழே இறங்குங்கள். கோவையில் அவர்கள் யார்டுக்கே போய், டிரெய்லரில் உங்கள் கார் ஏறுவதைக் கண்ணால் பாருங்கள். முடியாதென்றால் உங்களுக்குத் தெரிந்த ஆக்டிங் டிரைவரை அனுப்புங்கள். ஒரு நாள் பேட்டாவும் அவர் திரும்பி வர பஸ் செலவும்தான் ஆகும். சீசனில் குன்னூர் பாதையை ஏறுவதற்கும் கோத்தகிரி பாதையை இறங்குவதற்கும் மட்டும் என்று மாற்றிவிடுவார்கள், அதற்கேற்ப நேரம் வைத்துக்கொள்ளுங்கள். "எங்க டிரைவர்தான் எடுக்கணும், அது ரூல்" என்று அடம்பிடிக்கும் நிறுவனத்தை அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். அப்படி ஒரு ரூல் கிடையாது.

முன்பணம் போடுவதற்கு முன் அரை மணி நேரம் செலவழியுங்கள். ஜிஎஸ்டி எண்ணைக் கேட்டு வாங்கி ஜிஎஸ்டி தளத்தில் போட்டுப் பாருங்கள். 15 எழுத்துகள். முதல் இரண்டு மாநிலக் குறியீடு: தமிழ்நாடு 33, கர்நாடகா 29, மகாராஷ்டிரா 27. "கோயம்புத்தூர் ஹெட் ஆபீஸ்" என்கிறவரின் எண் 06-இல் தொடங்கினால் அது ஹரியானா. பதிவு ரத்தாகியிருக்கிறதா, பதிவு செய்த தேதி என்ன, சட்டப்பூர்வப் பெயர் என்ன என்பதெல்லாம் அங்கேயே வரும். யுபிஐயில் பணம் போடும்போது திரையில் வரும் பெயர் அதே பெயராக இருக்க வேண்டும். தனி ஆள் பெயர் வந்தால் நிறுத்திவிடுங்கள். பெரிய நிறுவனங்களின் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றிக் கடை போடுகிறவர்கள் நிறைய. பெயரை வைத்து நம்பாதீர்கள், எண்ணை வைத்து நம்புங்கள்.

பிறகு வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு கேள்வி எழுதுங்கள்: "ஜிஎஸ்டி, இன்சூரன்ஸ், ஏற்று-இறக்குக் கூலி, மலை பிக்கப் எல்லாம் சேர்த்து டெலிவரி வரை மொத்தத் தொகை எவ்வளவு?" எழுத்தில் பதில் வரட்டும். போனில் சொன்னது நிற்காது. ஆக்ட்ராய் (நகருக்குள் சரக்கு நுழைவதற்கான வரி) என்று ஒன்று கேட்டால் அது 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததோடு போய்விட்டது. நீலகிரி இ-பாஸ் இலவசம். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் வந்த அது வெளியூர் வண்டிகளுக்கானது. நீலகிரிப் பதிவான டிஎன் 43 காருக்கு அது தேவையே இல்லை.

இன்சூரன்ஸ் பேச்சில்தான் படித்தவர்களும் ஏமாறுகிறார்கள். காரின் மதிப்பில் இத்தனை சதவீதம் என்று வாங்கிவிட்டு எந்த பாலிசியும் எடுப்பதில்லை. பணம் கொடுத்தால் இன்சூரன்ஸ் கம்பெனி பெயர், பாலிசி எண், உங்கள் வண்டி எண், புறப்படும் ஊர், சேரும் ஊர், மதிப்பு எல்லாம் உள்ள சான்றிதழ் கைக்கு வர வேண்டும். அதைவிட முதலில், உங்களிடம் இருக்கும் முழு பாலிசியை எடுத்துப் படியுங்கள். வழக்கமான கார் பாலிசியிலேயே சாலை, ரயில் வழியாக ஏற்றிச் செல்லும்போது ஏற்படும் சேதத்துக்கும் இடம் இருக்கிறது. மூன்றாம் நபர் பாலிசி மட்டும் உள்ளவர்களுக்கு அது கிடையாது.

எல்.ஆர். (சரக்கை ஏற்றியதற்கான லாரி ரசீது) இல்லாமல் கார் ஏறக் கூடாது. வடக்கே பில்டி என்பார்கள். குன்னூரில் கையெழுத்து வாங்கிய தாள் எல்.ஆர். அல்ல, அதில் லாரி எண்ணே இல்லை. எல்.ஆர். எண், லாரி எண், அனுப்புநர், பெறுநர், காரின் மதிப்பு, பேசிய வாடகை, கொடுத்தது, மீதி எல்லாம் அச்சிட்ட தாளில் இருக்க வேண்டும். லாரி எண்ணை எம்பரிவாஹன் செயலியில் போட்டால் அது சரக்கு வண்டியா, எஃப்.சி. இருக்கிறதா என்று தெரியும். ஸ்கூட்டர் எண்ணைக் கொடுத்து ஏமாற்றுகிறவர்கள் உண்டு. மதிப்பை எழுத வைப்பது ஏன் என்றால், 2007-ஆம் ஆண்டு சாலைவழிச் சரக்குச் சட்டத்தின் விதிகளின்படி, கூடுதல் ரிஸ்க் கட்டணம் பேசாவிட்டால் ஏற்றிச் செல்பவரின் பொறுப்பு பொதுவாக வாடகையைப் போலப் பத்து மடங்கோடு நின்றுவிடும். 16,000 வாடகைக்கு 1,60,000. கார் ஆறு லட்சம் என்றால் மீதி உங்கள் தலையில்.

படம் எடுப்பதில் அவசரம் வேண்டாம். மலையில் மூடுபனியிலும் தூறலிலும் நனைந்த காரைப் படம் எடுத்தால் கீறல் ஒன்றும் தெரியாது. பின்னால் "இது முன்னாடியே இருந்தது" என்பார்கள். இருட்டுகிற நேரத்தில் வருவதும் அதற்குத்தான். கீழே யார்டில், துடைத்து உலர்ந்த காரை, வெயிலில் சுற்றிச் சுற்றி வீடியோ எடுங்கள். இன்ஜின் ஓடும்போது டாஷ்போர்டில் கிலோமீட்டரும் பெட்ரோல் முள்ளும் தெரிய ஒரு படம். பானட்டைத் திறந்து பேட்டரியின் சீரியல் எண். ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்து டயர்களின் பக்கவாட்டில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கம். 2323 என்றால் 2023-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. புனேயில் வந்த ஸ்டெப்னி மொட்டையாக இருந்தது, ஆனால் பழைய எண் படத்தில் இல்லாததால் மாற்றினார்கள் என்று நிரூபிக்க வழியில்லை.

காருக்குள் ஒன்றும் வைக்காதீர்கள். துணி மூட்டை, மிக்ஸி, பாத்திரம் எல்லாம் சாமான் லாரியில் போகட்டும். காணாமல் போனால் கேட்க முடியாது. டாஷ்கேம், பாய்கள், சார்ஜர் ஆகியவற்றைக் கழற்றி எடுத்துக்கொள்ளுங்கள். டேங்கில் ஐந்து லிட்டர் போதும். அதற்கு மேல் இருந்தால் ஓட்டிக்கொண்டு போகத்தான் தோதாகும். அசல் ஆர்.சி. வேண்டாம், நகல் போதும். ஒரு வருஷத்துக்கு மேல் அங்கே இருக்கப் போகிறீர்கள் என்றால் ஊட்டி ஆர்டிஓவில் படிவம் 28 கொடுத்து என்ஓசியை (ஆட்சேபனையில்லாச் சான்றிதழை) முன்பே வாங்கிவிடுங்கள், டிரான்ஸ்போர்ட்காரரிடம் அந்த வேலையைக் கொடுக்க வேண்டாம்.

ஃபாஸ்டேக்கை உரிக்காதீர்கள், கிழிந்துவிடும். அதுதான் உங்கள் காவல்காரன். ஐந்நூறு ரூபாய் மட்டும் வைத்து, தானாக ரீசார்ஜ் ஆவதை நிறுத்திவிடுங்கள். வருடாந்திரப் பாஸ் இருந்தால் பணத்துக்குப் பதில் டிரிப் கழியும், அதையும் கவனியுங்கள். மேல் திறந்த டிரெய்லரில் போகும்போது எப்போதாவது டேக் படிக்கப்படலாம். மூடிய இரும்புக் கன்டெய்னருக்குள் படிக்காது. அடுத்தடுத்த இரண்டு டோல்களுக்கு இடையே கார் வேகத்தில் நேரம் ஓடியிருந்தால் உடனே வீடியோ கால் போட்டு, கார் இருக்கும் இடத்தையும் நம்பர் பிளேட்டையும் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் அப்போதே 112.

சேர்ந்த இடத்தில், மீதிப் பணத்துக்கு முன் காரை இறக்கச் சொல்லுங்கள். பம்பரின் கீழ் உதடு, கண்ணாடிகள், மேல் தட்டு வண்டியிலிருந்து ஆயில் சொட்டியிருக்கிறதா என்று கூரை, பிறகு கிலோமீட்டர், டயர் எண், பேட்டரி எண். சேதம் இருந்தால் எல்.ஆர். நகலிலேயே எழுதி டிரைவரிடம் கையெழுத்து வாங்குங்கள். அவர் மறுத்தால் "மறுத்தார்" என்று எழுதிப் படம் எடுங்கள்.

காரைப் பிடித்து வைத்துக்கொண்டு பேசாத பணத்தைக் கேட்டால் அது வாடகைத் தகராறு அல்ல. ஒப்படைத்த பொருளில் நம்பிக்கை மோசடி செய்கிற சரக்கு ஏற்றுபவருக்குப் பாரதிய நியாய சன்ஹிதா 316(3)-இல் ஏழு வருஷம் வரை தண்டனை இருக்கிறது. பேசிய மொத்தத் தொகை வந்த வாட்ஸ்அப்பை அச்சிட்டு, எந்த ஊர் காவல் நிலையத்திலும் ஜீரோ எஃப்ஐஆர் கேட்கலாம். அவர்களுக்கு அந்தப் பிரிவை எழுதி அனுப்பினாலே பல பேர் இறங்கி வருவார்கள். பணம் போட்டதும் ஆளே காணவில்லை என்றால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930. நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் ஆணையத்தில் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். ஏற்றிச் சென்றவர்மீது வழக்கென்றால் அதற்கு முன்பாக, புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் போயிருக்க வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

குன்னூர்க் குடும்பத்திடம் எல்.ஆர். இல்லை, லாரி எண்ணும் இல்லை. புறப்படும் அன்று காலையில் சர்வீஸ் கணக்குக்காக எடுத்த டாஷ்போர்டு படம் ஒன்றும், மூன்று ஃபாஸ்டேக் குறுஞ்செய்திகளும், யுபிஐ ரசீதுகளும் இருக்கின்றன. அவற்றை வைத்துத்தான் மனு கொடுத்திருக்கிறார்கள்.