கோண அடைப்பா, தமிழ்ப் பெயரா? கட்டளை உதாரணங்களை எழுதும் வழிகள்

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்துப் படகுகளில் இருக்கும் ஜிபிஎஸ் கருவிக்குள் ஒரு குடும்பத்தின் பல வருட அனுபவம் புள்ளிகளாகச் சேர்ந்திருக்கிறது: எந்தப் பாரில் (கடலடிப் பாறைத் திட்டில்) மீன் நிற்கும், எங்கே வலை கிழியும். அந்தப் புள்ளிகளைக் கணினிக்கு மாற்ற ஜிபிஎஸ்பேபல் என்ற இலவச மென்பொருள் உண்டு. அதைக் கட்டளை வரியில் இயக்க இங்குள்ள இளைஞர்களுக்குத் தமிழில் வழிகாட்டி எழுதும்போது, கட்டளையை எந்த வடிவில் காட்டுவது என்பது வெறும் அழகு சார்ந்த கேள்வி அல்ல. ஒரு குறி தவறினால் கோப்பே போய்விடும்.

ஸ்கிரீன்ஷாட்டா, எழுத்தா என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. படத்தில் உள்ள கட்டளையை நேரடியாக நகலெடுக்கவோ தேடவோ முடியாது. ஜிபிஎஸ்பேபலில் சிறிய எஃப் உள்ளே வரும் கோப்பு, பெரிய எஃப் வெளியே போகும் கோப்பு. வாட்ஸ்அப்பில் நாலு கை மாறிய படத்தில் இந்த வேறுபாடு மங்கிவிடும். எழுத்தாகவே கொடுங்கள், ஆனால் வேர்டில் சாதாரணப் பத்தியாக அல்ல. அது இரண்டு சிறு கோடுகளை ஒரே நீளக்கோடாக்கும், நேர் மேற்கோள் குறியை வளைக்கும். தானியங்கித் திருத்தத்தை அணைத்து, சம அகல எழுத்துருவில் தனிக் கட்டத்துக்குள் வையுங்கள்.

ஷெல், அதாவது கட்டளைகளைப் படித்து இயக்கும் நிரல், கட்டளைக்குக் காத்திருக்கும்போது $ குறியைக் காட்டும். வழிகாட்டியிலும் வரியின் தொடக்கத்தில் அதைப் போடுவதா? அச்சிட்ட தாளைப் பார்த்துத் தட்டுகிறவருக்கு அது உதவுகிறது. நீளமான கட்டளை மடிந்து அடுத்த வரிக்குப் போனாலும், புதிய கட்டளை எங்கே தொடங்குகிறது என்று தெரியும். திரையிலிருந்து நகலெடுப்பவருக்கோ தொல்லை. $ குறியோடு ஒட்டினால் அப்படி ஒரு கட்டளை இல்லை என்று ஷெல் சொல்லிவிடும். நிர்வாகியைக் குறிக்கும் # இன்னும் மோசம்: பாஷ் ஷெல் அந்த வரியை வெறும் குறிப்பாக எடுத்துக்கொண்டு, எதுவும் செய்யாமல், எதுவும் சொல்லாமல் கடந்துவிடும். வேலை முடிந்தது என்று பயனர் நம்பிவிடுவார். ஆகவே தாளில் $, திரையில் வெறும் கட்டளை என்பதே என் முடிவு. கட்டளை தரும் விடையை வேறொரு கட்டத்தில் போடுங்கள்.

வாசகர் தன் கோப்பின் பெயரை இட வேண்டிய இடத்தைக் காட்டுவதில்தான் உண்மையான ஆபத்து. யூனிக்ஸ் இயங்குதளத்தின் கையேட்டுப் பக்கங்கள் இதற்கு அடிக்கோடு அல்லது சாய்வெழுத்தைப் பயன்படுத்துகின்றன. வேறிடத்தில் ஒட்டினால் அந்த அடையாளம் உதிர்ந்துவிடும். பலர் விரும்புவது கோண அடைப்பு. நகலெடுக்கும் கட்டளையை இப்படிக் காட்டுவதாக வைத்துக்கொள்வோம்:

cp <பழைய_கோப்பு> தென்கடல்

அடைப்பை நீக்காமல், உள்ளே தன் கோப்பின் பெயரை மட்டும் ஒருவர் மாற்றுகிறார். ஷெல்லுக்கு < என்றால் 'இதிலிருந்து படி', > என்றால் 'இதற்குள் எழுது'. நகலெடுக்கும் கட்டளை தொடங்குவதற்கு முன்பே ஷெல் தென்கடல் கோப்பைக் காலியாக்கிவிடும். அதில் போன வருடத்துப் புள்ளிகள் இருந்திருந்தால் அவ்வளவுதான்.

ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் எழுதுவது இதைவிடப் பாதுகாப்பானது. ஆனால் ஆங்கிலம் அதிகம் பழகாதவருக்கு அதுவும் கட்டளையின் பகுதியாகவே தெரியும், அப்படியே தட்டுவார்.

தமிழ் வழிகாட்டிக்கு இயல்பாகவே ஒரு வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் விடுவது எனக்கு வருத்தமளிக்கிறது. கட்டளை ஆங்கில எழுத்தில் இருக்கட்டும். மாற்ற வேண்டிய இடம் மட்டும், அடைப்பு எதுவும் இல்லாமல், தமிழில் இருக்கட்டும். கண்ணுக்கு உடனே பிடிபடும். மாற்ற மறந்து ஒட்டினாலும், பழைய_கோப்பு என்று ஒன்று இல்லை என்ற செய்திதான் வரும், இருக்கும் புள்ளிகளுக்குச் சேதமில்லை. சொற்களுக்கு நடுவே இடைவெளி விடாமல் அடிக்கோட்டால் இணைக்க வேண்டும், அவ்வளவே.

இதிலும் குறை உண்டு. சில டெர்மினல்களில் (கட்டளை தட்டும் சாளரங்களில்) கொம்பும் காலும் எழுத்தைவிட்டுப் பிரிந்து தெரியும். அதனால் கட்டத்துக்குக் கீழே, உடனடுத்த வரியிலேயே, 'பழைய_கோப்பு என்ற இடத்தில் உங்கள் கோப்பின் பெயரை எழுதுங்கள்' என்று தனியாகச் சொல்லிவிடுங்கள்.