பழைய நம்பரா, புது சிம்மா?

ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் லீசிங், காப்புறுதி வேலையை விட்டு வேறு இடம் போனவர்களுக்கு ஒரே தொல்லைதான்: பழைய வாடிக்கையாளர்கள் இன்னும் அவர்களையே அழைக்கிறார்கள். நம்பரை மாற்றுவதா, வைத்துக்கொண்டே சமாளிப்பதா?

செலவு: புது சிம் மலிவு. ஆனால் வங்கி ஓடிபி வரும் நம்பரை மாற்ற அலைய வேண்டும். பழைய நம்பரில் வாட்ஸ்அப் பிசினஸ் தானியங்கிப் பதில் வைப்பது இலவசம்.

ஆளுக்குத் தகவல் போவது: இங்கேதான் விஷயம். தோட்டத்து லயத்தில் பட்டன் போன் வைத்திருப்பவருக்கு வாட்ஸ்அப் பதில் போகாது. தவணைத் துண்டின் பின்னால் உங்கள் நம்பரை எழுதிவைத்து, சிக்னலுக்காக மேடேறி அழைப்பவர் அவர். நம்பர் செத்துப்போனால் யாரிடம் கேட்பார்? நீங்கள் எடுத்தால், உங்கள் இடத்துக்கு வந்த புதியவரின் நம்பரையாவது சொல்லலாம். எல்லா அழைப்பையும் அந்தப் புதியவருக்கு டைவர்ட் பண்ணுவது மட்டும் வேண்டாம். உங்கள் அம்மாவிடமிருந்து வரும் கோலும் அங்கேயே போகும், கட்டணமும் உங்கள் தலையில்.

நிம்மதி: சந்தேகமில்லை, புது சிம்.

பழைய சிம், வேலை செய்த கம்பனி தந்ததென்றால் பேச்சே இல்லை, ஒப்படைத்துவிடுங்கள். சொந்த நம்பரென்றால் சில மாதமாவது வைத்திருங்கள். ஞாயிறு இரவிலும் விடாமல் அடிக்கிறார்களா? சரி, வங்கி விவரத்தை மாற்றிவிட்டு அப்புறம் புது சிம் எடுங்கள்.