ரோபோவுக்கு ‘நான்’: எழுதிக் கொடுப்பதா, கற்க விடுவதா?

2020 ஜனவரியில் பெங்களூரில் இஸ்ரோவின் மனித உருவ ரோபோ வியோமித்ரா, தன் பெயரைச் சொல்லிச் சபைக்குத் தன்னை அறிமுகம் செய்துகொண்டது. ‘நான்’ என்ற சொல்லை எந்தக் கருவியையும் சொல்ல வைத்துவிடலாம். தன் உடல் எதுவரை, உலகம் எங்கிருந்து என்று பிரித்தறிவதுதான் முதல் படி. கல்லூரி ப்ராஜெக்டுக்காக இங்கே ரோபோ கை கட்டும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அதற்கு இரண்டு வழி: உடலின் அளவுகளை நாமே எழுதிக் கொடுப்பது, அல்லது அசைந்து பார்த்துத் தானே கற்க விடுவது. நான்கு மூட்டுக் கைக்கு நாங்கள் தேர்ந்தது இரண்டாவது வழி.

கண்ணாடியில் தெரிவது தானே என்று அறிகிறதா என்று பார்க்க, 1970-ல் உளவியலாளர் கோர்டன் கேலப் சிம்பன்ஸிகளுக்கு வைத்த கண்ணாடிச் சோதனை இங்கே உதவாது. கட்டளை போன நேரமும் கண்ணாடியில் தெரியும் அசைவும் பொருந்தினால் ‘அது நான்’ என்று சொல்லும் நிரலைச் சுலபமாக எழுதிவிடலாம்.

முதல் வழியில், அளவுகளை யுஆர்டிஎஃப் கோப்பில் (ரோபோ உடலின் நீளங்களையும் மூட்டுகளையும் விவரிக்கும் கோப்பு) எழுத அரை நாள் போதும். முதல் நாளே துல்லியம் கிடைக்கும். ஒரே வேலையை ஓயாமல் செய்யும் பெங்களூர் பீன்யா தொழிற்பேட்டையின் ஆலைக் கைகளுக்கு இதுவே சரி.

இரண்டும் பிரிவது பராமரிப்பில். கியர் தேய்ந்து ‘பிளே’ (பற்களுக்கிடையே தளர்வு) வந்து தோள்மூட்டு ஒரு டிகிரி பிசகினால், 40 செ.மீ. நீளக் கையின் நுனி 7 மி.மீ. விலகும். எழுதிய கோப்பு இதை அறியாது. பழைய உடலையே நம்பி வெறும் காற்றைப் பிடிக்கும். யாராவது ஸ்கேலோடு உட்கார்ந்து அளந்து திருத்த வேண்டும். தானே கற்ற மாதிரியிலோ (எந்தக் கட்டளைக்குக் கை எங்கே போகும் என்று கணிக்கும் நிரல்) கணிப்புக்கும் நடப்புக்கும் உள்ள இடைவெளியே எச்சரிக்கை மணி. 2006-ல் ரோபோ ஆய்வாளர் ஹாட் லிப்சன் குழுவின் நான்கு கால் ரோபோ, காலின் ஒரு பகுதி போனதும் தன் மாதிரியைத் திருத்தி வேறு நடை கண்டுபிடித்தது. 2019-ல் நான்கு மூட்டுக் கை ஒன்று, சுமார் 1000 தற்செயல் அசைவுகளிலிருந்து தன் உடலைக் கற்றது.

செய்முறைக்கு வருவோம். பெங்களூரின் மின்னணுச் சந்தையான எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும் சாதாரண எம்ஜி996ஆர் சர்வோ (மூட்டைத் திருப்பும் மோட்டார்) தன் கோணத்தைத் திருப்பிச் சொல்லாது. டைனமிக்ஸல் ஏஎக்ஸ்-12ஏ என்ற சர்வோ சொல்லும், கூடவே சூட்டையும். விலை கூடுதல்தான், ஆனால் இதில் கஞ்சத்தனம் வேண்டாம். ஒவ்வொரு அசைவிலும் முந்தைய கோணம், கட்டளை, நுனி போய்ச் சேர்ந்த இடம் மூன்றையும் பதியுங்கள். முந்தைய கோணத்தை விட்டால், பிளே எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பது மாதிரிக்குத் தெரியாமல் போகும். அசைவு வரம்பை மேசைக்கு மேலேயே நிறுத்துங்கள். மோட்டார் சூடேறினால் அசைவு மாறும். இடையிடையே ஓய்வு கொடுங்கள். விநாடிக்கு 30 பிரேம் எடுக்கும் கேமராவில் ஒரு பிரேம் தவறினாலே 33 மில்லி விநாடிப் பிசகு. கை நின்ற பிறகே படம் எடுங்கள்.

பலரும் கோட்டை விடுவது கேமராவில். யாராவது ட்ரைபாடைத் தட்டிவிட்டால், மாறியது கேமரா என்று ரோபோவுக்குத் தெரியாது. தன் கைதான் வளைந்துவிட்டது என்று முடிவு கட்டும். மேசையில் அசையாத ஆருக்கோ குறி (கேமரா எளிதில் அடையாளம் காணும் கறுப்பு வெள்ளைச் சதுரம்) ஒன்றை ஒட்டுங்கள். படத்தில் அதுவும் சேர்ந்து நகர்ந்தால் பிசகு வெளியே. நுனி மட்டும் விலகினால் பிசகு உடலில். ‘நான்’, ‘நான் அல்லாதது’ என்ற பிரிவு முதன்முதலாகப் பிறப்பது இந்த ஒரு குறியில்தான். இதைப் பார்ப்பதற்காகவே இவ்வளவு பாடும் தகும்.

நடக்கும் ரோபோவுக்கு இதே கணக்கை அப்படியே போட முடியாது. தரையின் வழுக்கலும் சேர்ந்து குழப்பும். வலி, அச்சம் போன்ற உணர்வுக்கும் இந்தச் சோதனை சாட்சி ஆகாது.

மறுபடி கற்பிக்கும்போது பழைய மாதிரியை அழிக்காதீர்கள். சில எம்பிதான் பிடிக்கும். ஒரே கட்டளையைப் பழையதிடமும் புதியதிடமும் கொடுத்துக் கணிப்புகளை ஒப்பிட்டால், எந்த மூட்டு தேய்ந்தது என்று பிடிபடும். ரோபோவிடம் தன் நேற்றைய உடலின் பதிவும் இருக்கும்.