ஓசோன் ரஷ் 5: எம்எஸ் எடுப்பதா, எம்எல் எடுப்பதா?

பயிற்சி முடிந்த கையோடு வாங்குவதற்கு ஓசோன் ரஷ் 5 ஏற்றதன்று. ஒருவர் மட்டும் தொங்கிப் பறக்கும் பாராகிளைடர், அதாவது துணி இறக்கை. ஐரோப்பியத் தரச் சான்றில் பி வகுப்பு, அதிலும் மேல்படி. தொடக்கநிலையான ஏ வகுப்பு இறக்கையில் கை பழகி, தெர்மல் என்னும் மேலெழும் வெப்பக் காற்றில் சுற்றிச் சுற்றி உயரத் தெரிந்தவர்களுக்கு உரியது. சிறியது முதல் பெரியது வரை பல அளவுகளில் இருப்பதால்தான் குழப்பமே தொடங்குகிறது.

சட்டை எடுப்பதுபோல் ஆளைப் பார்த்து அளவு சொல்லிவிட முடியாது. உடல் எடையோடு ஹார்னஸ் என்னும் பட்டை இருக்கை, அவசரத்துக்கான ரிசர்வ் பாராசூட், ஹெல்மெட், தண்ணீர், அந்த இறக்கை எல்லாம் சேர்ந்து வரும் மொத்த எடைதான் கணக்கு. எம்எஸ் (நடுத்தரத்தில் சிறியது) 75 முதல் 95 கிலோ வரை; எம்எல் (நடுத்தரத்தில் பெரியது) 85 முதல் 105 வரை. இரண்டுக்கும் பொதுவான பத்துக் கிலோவுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் பாடு திண்டாட்டம். நானும் அந்த ரகம். தொலைபேசியில் பேசிய விற்பனையாளர், பெரிதாக எடுத்தால் நிதானமாக இறங்கலாம் என்று எம்எல்லையே தலையில் கட்டப் பார்த்தார். அவரிடம் கையிருப்பில் இருந்தது அதுதான் என்பது பிறகு தெரிந்தது.

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் ஏலம் ஓய்ந்த நேரமாகப் பார்த்துப் போய், மூட்டை முடிச்சோடு எடைமேடையில் ஏறினேன். இறக்கைக்கு ஈடாக ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேன். "தம்பி கிலோ என்ன விலை?" என்று கேட்டார் கூடையோடு நின்ற அக்கா ஒருவர். 89 கிலோ காட்டியது.

அந்த எடைக்கு எம்எல் எடுத்தால் வரம்பின் அடிப்பகுதியில் தொங்க வேண்டும். சுமை குறைந்தால் இறக்கைக்குள் இறுக்கம் குறையும், திருப்பினால் சோம்பலாகத் திரும்பும், எதிர்காற்றில் முன்னேறாது. எம்எஸ்ஸில் இறங்கும் வேகம் சற்றுக் கூடும்; பரவாயில்லை என்று அதையே வரவழைத்தேன்.

நம் கடலூர்ப் பக்கம் பறக்க மலை ஏது? கேப்பர் மலையை மலை என்பது ஊர்ப் பெருமைக்காக. ஏலகிரிக்குப் போகலாம், நான் ஹிமாசலப் பிரதேசத்தின் பில்லிங்குக்கே கொண்டுபோனேன். 2015-இல் பாராகிளைடிங் உலகக் கோப்பைப் போட்டி நடந்த இடம். சுமார் 2400 மீட்டர் உயரத்திலிருந்து கிளம்பி, கீழே பீர் என்னும் ஊரில் இறங்க வேண்டும். தூக்கியதும் இறக்கை ஒரே சீராகத் தலைக்கு மேல் வந்து நின்றது. பிரேக் கயிற்றை விரலளவு இழுத்தாலே பதில் வந்தது. மதியத் தெர்மலின் ஓரத்தில் ஒருமுறை வலப்பக்க நுனி மடங்கி, துணி படபடத்தது. உடலை இடப்பக்கம் சாய்த்து, அந்தப் பக்கப் பிரேக்கை லேசாகப் பிடித்தேன். மற்றதை அதுவே பார்த்துக்கொண்டது. முன்விளிம்பின் காற்றுவாய்கள் 'ஷார்க் நோஸ்' வடிவில் சற்றுக் கீழே தள்ளி அமைந்திருக்கின்றன. வேகம் மாறினாலும் உள்ளே காற்றழுத்தம் குலையாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. ஆனாலும் காற்று முரட்டுத்தனமாக இருந்தால் இறக்கை பேசிக்கொண்டே இருக்கும். அமைதியை விரும்புபவர்களுக்குச் சலிப்புத் தட்டும்.

ஊரில் இருக்கும்போது தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில், கூட்டம் இல்லாத பக்கம் போய்ப் பிற்பகல் கடற்காற்றில் தரைப்பயிற்சி செய்கிறேன்; பறக்காமல் தரையில் நின்றே இறக்கையைக் கையாளும் பயிற்சி. அங்கே எதிரி இராவணன் மீசைப் புல். ஊசி போன்ற அதன் நுனிகளில் மெல்லிய மேல்வரிசைக் கயிறுகள் சிக்கினால் மண்டியிட்டு ஒவ்வொன்றாக விடுவிக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் கயிறு போயிற்று. இறக்கையின் அறைகளுக்குள் புகும் மணல் துணியின் பூச்சைத் தேய்க்கும், உப்பு ஊறிப்போய்க் கயிறுகளைக் கெடுக்கும். அலையில் நனைந்துவிட்டால் நல்ல தண்ணீரில் அலசி, வெயில் படாமல் நிழலில் காயவைக்க வேண்டும். மொட்டைமாடிக் கொடியில் போடவே கூடாது. இவ்வளவு விலை கொடுத்து வாங்கியதை மணலில் புரட்ட மனம் வரவில்லை. கடற்கரைக்கென்று பழைய இறக்கை ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன். அது எம்எல்லாக இருந்தாலும் சரி, தரையில்தானே.