எட்வர்ட், மார்கரெட்: ஒரே சிக்கல், இரு முடிவுகள்

பிரிட்டன் அரச குடும்பத்தைச் சேர்ந்த இந்த இருவரும் மணக்க விரும்பியது விவாகரத்தானவர்களை. இங்கிலாந்துத் திருச்சபை குறுக்கே நின்றது. மன்னர் எட்டாம் எட்வர்ட், தான் விரும்பிய வாலிஸ் சிம்ப்சனுக்காக 1936 டிசம்பர் 10-ல், தம்பிகள் மூவர் சாட்சியாக முடிதுறப்புக் கையெழுத்திட்டார். ஆண்டது 326 நாள்.

அவருடைய தம்பி மகள் மார்கரெட்டின் கதைதான் எனக்கு ஆறவே இல்லை. 1953 ஜூன் 2, அக்கா எலிசபெத்தின் முடிசூட்டு நாள். விமானப்படை அதிகாரி பீட்டர் டவுன்செண்டின் சீருடையில் ஒட்டியிருந்த தூசை மார்கரெட் கையால் தட்டிவிட்டார். அந்த உரிமையை நிருபர்கள் கவனித்துவிட்டார்கள், ஊரெல்லாம் பேச்சானது. 1955 அக்டோபர் 31-ல், டவுன்செண்டை மணக்கப்போவதில்லை என மார்கரெட் அறிவித்தார்.

எட்வர்ட் நாட்டையே இழந்தாலும் விரும்பியவரோடு கடைசிவரை வாழ்ந்தார். மார்கரெட் அரியணையில் அமராமலே அதற்கான விலையைக் கொடுத்தார். 1960-ல் வேறொருவரை மணந்தார். 1978-ல் அவரே விவாகரத்தானார்.