காம்போசிட் பைப் போடுகிறீர்களா? பூசுவதற்கு முன் சுவருக்குள் ஜாயின்ட்டை எண்ணுங்கள்

போன ஆவணியில் திருச்சி வீட்டு மாடி பாத்ரூமைப் பிரித்து வேலை பார்த்தோம். "சிபிவிசி வேண்டாம் சார், காம்போசிட் போட்டுடலாம். சுருளா வரும், கையாலயே வளைச்சுக்கலாம், சுவருக்குள்ள எல்போ ஜாயின்ட்டே வராது" என்றார் பிளம்பர். நடுவில் அலுமினியத் தகடு, இரண்டு பக்கமும் பிளாஸ்டிக். வளைத்தால் வளைத்தபடி நிற்கும். அவர் சொன்னதில் பொய்யில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

மாசியில், பாத்ரூமை ஒட்டிய படுக்கையறைச் சுவரில் ஓதம். மழை ஈரம் என்று முதலில் நினைத்தேன். மாசியில் எங்கே மழை? பெயிண்ட் உப்பி, தட்டினால் காரை பொலபொலவென உதிர்ந்தது. போன் செய்தால், "போர் தண்ணி உப்பு சார், சுவர் அப்படித்தான் பூக்கும்" என்றார். அடுத்த முறை போனையே எடுக்கவில்லை.

வேறொருவரை அழைத்து டைல்ஸை உடைத்தோம். சுவருக்குள் ஏழு ஜாயின்ட்! வேறு வேலைகளில் மிஞ்சிய துண்டுகளை கப்ளிங் (இணைப்புத் துண்டு) வைத்து ஒட்டுப்போட்டிருக்கிறார் பழைய பிளம்பர். பில்லில் மட்டும் முழுச் சுருள்.

கசிந்த கப்ளிங்கைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார் புது பிளம்பர். பித்தளை நட், பிளவுள்ள ஒரு வளையம், பைப்புக்குள் நுழையும் மூக்கு. மூக்கில் இரண்டு கறுப்பு ரப்பர் வளையங்கள். அதில் ஒன்று, நகம் வெட்டிப் போட்டதுபோல் சீவப்பட்டிருந்தது. ஹேக்ஸா பிளேடால் அறுத்தால் பைப்பின் வாய் நசுங்கும், ஓரம் கூராக நிற்கும். ரீமர் என்ற கருவியை உள்ளே விட்டுச் சுற்றி, வாயை வட்டமாக்கி, ஓரத்தைச் சாய்த்த பிறகே மூக்கைச் செருக வேண்டும். இல்லையென்றால் ரப்பர் அறுபடும். நட்டை முறுக்கிய முறுக்கில் ஆறு மாதம் தாக்குப்பிடித்திருக்கிறது. போதாததற்கு நட் ஒரு கம்பெனி, மூக்கு வேறு கம்பெனி.

இந்த நட் வகை ஜாயின்ட், ஸ்பேனர் எட்டும் இடத்தில்தான் இருக்க வேண்டுமாம். புதைத்தே ஆக வேண்டுமென்றால், கருவியால் அழுத்திப் பிடிக்கும் பிரஸ் ஃபிட்டிங் என்று தனியாக இருக்கிறது.

வெந்நீர் லைனிலும் பழையவர் கை வைத்திருக்கிறார். சோலார் ஹீட்டர் தண்ணீர் நல்ல வெயிலில் 80 டிகிரியைக்கூடத் தொடும். அதற்கு சூடு தாங்கும் பெக்ஸ் (PEX) பிளாஸ்டிக் ரகம் வேண்டும். எங்களுக்குப் போட்டிருந்தது சாதா பிஇ (PE, பாலிஎதிலீன்). இரண்டிலும் 1216 அளவு உண்டு (உள்ளே 12, வெளியே 16 மி.மீ.), பார்வைக்கும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் எந்த ரகம் என்று பைப் மேலேயே அச்சடித்திருக்கிறது. நான்தான் படிக்கவில்லை.

பழையவர் குழாயைத் திறந்து மூடி, "பாத்தீங்களா, சொட்டு இல்ல" என்று காட்டிவிட்டுப் பூசச் சொல்லிவிட்டார். புதியவர் கைப் பம்ப் வைத்து 10 கிலோ பிரஷர் ஏற்றிவிட்டுப் போனார். காலையில் வந்து மீட்டர் முள் இறங்கவில்லை என்று பார்த்த பிறகே கொத்தனாரைக் கூப்பிட்டார்.

செலவு 41 ஆயிரம். அதே டைல்ஸ் கிடைக்கவில்லை. ஷவருக்குக் கீழே ஒரு பட்டை மட்டும் வேறு நிறம்.